சராசரிப் பெண் உப்பு வாருவதில்லை

சராசரிப் பெண் என்று ஒருத்தி இந்த மாநிலத்தில் எங்காவது இருந்தால் அவள் முகவரியை எனக்குக் கொடுங்கள். அவளைக் கையோடு கூட்டிவந்து, சித்திரை மாதத்து வெயிலில் தூத்துக்குடி உப்பளத்தில் இறக்கிவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. அவளை வைத்துத்தான் சட்டம் போடுகிறார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லித்தான் எங்கள் ஊரில் பெண்களைச் சாகவிட்டார்கள்.

என் பெயர் செண்பகவல்லி. மாவட்டப் பொது சுகாதாரத் துறையில் நோய்ப்பரவல் ஆய்வாளர். யாருக்கு என்ன நோய் வருகிறது, எதனால் வருகிறது என்று கணக்குப் பார்த்துச் சொல்வது என் வேலை. டாக்டர் பட்டம் இருக்கிறது. ஊசியைத் தொட்டுப் பல வருஷம் ஆகிறது. அலுவலகத்தில் எனக்குக் கோபக்காரி என்று பெயர். அந்தப் பெயரை நான் ஒருநாளும் கெடுத்துக்கொண்டதில்லை.

பிளாஸ்திரி வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கோடை வெயில் நாற்பத்தேழு டிகிரியைத் தொட ஆரம்பித்ததும், சாலை போடுகிறவர்களும் கட்டட வேலைக்காரர்களும் நின்ற இடத்திலேயே சுருண்டு விழுந்தார்கள். அப்போதுதான் ஒரு மருந்துக் கம்பெனி 'தண்மை வில்லை' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. புஜத்தில் ஒட்டிக்கொண்டால் மருந்து தோல் வழியாக இறங்கும். வெயில் ஏறுவதற்கு முன்பே வேர்வை பெருக ஆரம்பிக்கும், உடம்பு சூடேறாது. காகிதத்தில்தான் அது தண்மை வில்லை. ஊரில் எல்லாருக்கும் அது பிளாஸ்திரி.

நல்ல சரக்குதான், அதை நான் மறைக்க மாட்டேன். வெயிலடித்துச் சாகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். அரசாங்கம் குளிர்ந்துபோய் ஒரு சட்டம் போட்டது: நாற்பத்திரண்டு டிகிரிக்கு மேல் போனால், பிளாஸ்திரி ஒட்டாத யாரையும் திறந்தவெளியில் வேலைக்கு வைக்கக் கூடாது. பிளாஸ்திரி இல்லையென்றால் கூலி இல்லை. வேர்வை என்பது குடித்த தண்ணீரிலிருந்துதானே வர வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

உப்பளத்துப் பெண்களுக்குச் சிறுநீரகம் போகிறது என்று ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்து, ரத்தம் எடுக்க ஒரு நர்ஸைக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளைப் பாத்திகள். நடுவே வரப்புகள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட பெண்கள் உப்பை வாரி வரப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கேதான் இசக்கிராணியைப் பார்த்தேன். முப்பத்தைந்து வயசிருக்கும். அவளோடு சேர்ந்து உப்பு வாரிய தங்கபுஷ்பம் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது. இசக்கிராணியின் ரத்தத்தைப் பார்த்தால் சிறுநீரகம் பாதிக்கு மேல் கெட்டிருந்தது. மீதியைக் காப்பாற்ற இன்னும் வழியிருந்தது.

"காலையில இருந்து எவ்வளவு தண்ணி குடிச்ச?" என்று கேட்டேன்.

"குடிக்கல டாக்டரம்மா."

"நேத்து?"

"வீட்டுக்குப் போயிதான் ஒரு செம்பு குடிச்சேன். அளத்துல ஒருத்தியும் குடிக்கதில்ல."

"இந்த வெயில்லயா? ஏன்?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சுத்திப் பாருங்க. ஒரு மரம் தெரியுதா? ஒரு செடி கொடி? தண்ணி குடிச்சா ஒதுங்கணும்லா. எங்க போயி ஒதுங்க? கணக்கப்பிள்ளை முன்னாலயா, லாரிக்காரன் முன்னாலயா? ஆம்பிளைன்னா திரும்பி நின்னாப் போதும். நாங்க?"

"முதலாளிகிட்ட கக்கூஸ் கேக்கலயா?"

"எங்கம்மா காலத்துல இருந்து கேக்கோம். உப்பு விளையுற எடத்துல கக்கூஸ் கட்டப்புடாதாம். உப்பு அசுத்தமாயிருமாம்." பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாயைக் கட்டிக்கொண்டு வேலை செய்வது அங்கே பரம்பரைப் பழக்கம். பிளாஸ்திரி இல்லாத காலத்தில் உடம்பும் அதற்கு ஒத்துப்போய், வேர்வையைச் சிக்கனமாகச் செலவழித்துச் சமாளித்தது. இப்போது பிளாஸ்திரி உள்ளே புகுந்து குழாயைத் திறந்துவிடுகிறது. தொட்டியில் தண்ணீர் இல்லை. சிறுநீரகம் காய்கிறது.

சட்டத்துக்கு முந்தைய இரண்டு கோடைகளில் பாதி இடங்களுக்குத்தான் பிளாஸ்திரி வந்திருந்தது. அதனால் ஒட்டியவர்களையும் ஒட்டாதவர்களையும் ஒப்பிட முடிந்தது. வெயிலில் வேலை செய்கிற அத்தனை பேரையும் நான் இரண்டாகப் பிரித்தேன். வேலையிடத்தில் தண்ணீர் குடிப்பவர்கள் ஒரு பக்கம், குடிக்காதவர்கள் ஒரு பக்கம். குடிப்பவர்களுக்குப் பிளாஸ்திரி சிறுநீரகம் கெடும் ஆபத்தைப் பாதியாக்கியது. குடிக்காதவர்களுக்கு மூன்று மடங்காக்கியது. அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப்போனேன்.

கக்கூஸ் கட்டும் வரை உப்பளத்தில் பிளாஸ்திரியை நிறுத்த வேண்டும், அதுவரை வேலை செய்ய முடியாத நேரத்துக்கு முதலாளிகள் கூலி கொடுக்க வேண்டும் என்று வெப்பத் தொழில் ஆணையத்துக்கு மனுப் போட்டேன். ஆணையத் தலைவர் குலசேகரன், ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. பிளாஸ்திரிக் கம்பெனியின் சார்பில் வந்திருந்தவன் ஆல்வின். என்னோடு படித்தவன், எங்கள் ஊர்க்காரன், கணக்கில் புலி. ஆணையம் எதையும், பிளாஸ்திரிக் கம்பெனி செய்து கொடுத்த 'தெளிவு' என்ற மென்பொருளை வைத்துத்தான் முடிவு செய்யும். எல்லாத் தகவலையும் அதற்குள் போட்டால் கடைசியில் ஒரே ஒரு எண்ணைத் துப்பும். நல்லதென்றால் பச்சை, கெட்டதென்றால் சிவப்பு.

ஆல்வின் எழுந்து, அழகாக ஆரம்பித்தான்.

"சார், நல்ல மழை. ரோட்டுல குடையோட போறவன் சட்டை நனைஞ்சிருக்கு. வீட்டுக்குள்ள குடை இல்லாம இருக்கவன் சட்டை நனையல. இதை மட்டும் பாத்துட்டு, குடைதான் சட்டையை நனைக்குதுன்னு சொல்லலாமா? நனைச்சது மழை. மழை பெய்யுற எடத்துலதான் குடையும் இருக்கு, அதனால பழி குடை மேல விழுது. இப்படி ஊடால புகுந்து கணக்கைக் கெடுக்குறதுக்குப் பேருதான் குழப்பக் காரணி. அதைக் கழிச்சிட்டுத்தான் பாக்கணும்."

"புரியுது," என்றார் குலசேகரன்.

"பிளாஸ்திரி முதல்ல எங்க போச்சு? வெயில் ஜாஸ்தியா அடிக்கிற, வசதி குறைஞ்ச எடங்களுக்கு. அங்க தண்ணி குடிக்கிறது கம்மி. தண்ணி குடிக்காட்டி பிளாஸ்திரி இல்லாமலும் கிட்னி கெடும். இங்க மழை எதுன்னா, தண்ணி குடிக்காததுதான். அதைத் தெளிவுல கழிச்சாச்சு சார். கழிச்ச பிறகும் பிளாஸ்திரி ஆபத்தை முப்பது சதவீதம் குறைக்குது." திரையில் பச்சை எரிந்தது.

இதில் எரிச்சல் என்னவென்றால், அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பாதி உண்மையை இவ்வளவு சுத்தமாகப் பேச அவனால்தான் முடியும்.

"சார், நான் ஒரு கல்யாண வீட்டுக்குப் போறேன்," என்றேன். "எல்லாருக்கும் ஆளுக்கு ரெண்டு லட்டு வைக்காங்க. நல்லா இருக்கவனுக்கு அது தெம்பு. சர்க்கரை எகிறிக் கிடக்கவனுக்கு அது ஆஸ்பத்திரி. ரெண்டு பேரையும் ஒண்ணாப் போட்டுச் சராசரி எடுத்து, 'லட்டு மொத்தத்துல நல்லது'ன்னு சொன்னா ஒத்துக்குவீங்களா? இங்க சர்க்கரை வியாதியைக் கழிக்கக் கூடாது. அதைத்தான் முதல்ல சொல்லணும். ஒரே மருந்து, இவனுக்கு ஒரு விதமா வேலை செய்யுது, அவளுக்கு வேற விதமா வேலை செய்யுது. அப்படி மாத்துற விஷயத்துக்குப் பேரு விளைவு மாற்றி."

"தண்ணி குடிக்காதது குழப்பக் காரணின்னு அவர் சொல்றாரு. நீங்க விளைவு மாற்றிங்குறீங்க. ரெண்டுல எது சரி?" என்று கேட்டார் குலசேகரன்.

"ரெண்டாவும் இருக்கலாம் சார். ஆனா குழப்பக் காரணி கணக்குல படிஞ்ச அழுக்கு. துடைச்சாப் போயிரும், போகணும். விளைவு மாற்றி அப்படி இல்ல. அது நெசமாவே அந்த உடம்புல நடக்குது. அதைப் போயித் துடைச்சா, அந்தப் பொம்பளைங்களையே சேத்துத் துடைச்சிடுறோம். ஆல்வின், ரெண்டு பக்கத்தையும் தனித்தனியாப் பாத்தியா?"

"கழிச்சிருக்கேன் வல்லி."

"கழிச்சியான்னு நான் கேக்கல. பிரிச்சியா? இந்த முப்பது சதவீதம் யாருக்குப்பா? தண்ணி குடிக்கவனுக்கு அம்பது குறையுது. குடிக்காதவளுக்கு மூணு மடங்கு ஏறுது. முப்பது குறைஞ்ச ஆளு யாரு? பேரு சொல்லு. எந்தத் தெரு?"

"குரலைத் தணிச்சுப் பேசுங்க டாக்டர்," என்றார் தலைவர்.

"தணிச்சா உங்களுக்குக் கேக்குமா சார்? தங்கபுஷ்பம் தணிச்சுத்தான் செத்தா."

நான் ஆல்வினைப் பார்த்துச் சொன்னேன்: "தெளிவுல பிரிச்சுக் காட்டு. இங்கயே, இப்பவே."

"அந்த வசதி அதுல இல்ல," என்று அவன் மேசையைப் பார்த்துச் சொன்னான்.

குலசேகரன் கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு எண் வந்தா எதை வச்சு நான் உத்தரவு போடுறது? சட்டம் ஒரு எண்தான் கேக்குது. இருந்தாலும் நீங்க சொன்னதைப் பரிசீலிக்கிறோம்."

பரிசீலித்தார்கள். உத்தரவும் வந்தது. என் வாதம் ஏற்கப்பட்டது என்று முதல் வரியிலேயே போட்டிருந்தார்கள். அலுவலகத்தில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். டீ ஆறுவதற்குள் மீதியையும் படித்துவிட்டேன். வேலையிடத்தில் தண்ணீர் அருந்தாதவர்களுக்குப் பிளாஸ்திரி தீங்கு செய்வதால், அவர்களுக்குப் பிளாஸ்திரி வழங்கக் கூடாது. ஒவ்வொருவருக்கும் ஒரு பாட்டில் தரப்படும். உச்சிப் பொழுதுக்குள் பாட்டில் காலியாகவில்லை என்றால் அடியிலுள்ள கருவி தெளிவுக்குச் சொல்லிவிடும், பிளாஸ்திரி பறிக்கப்படும். பிளாஸ்திரி இல்லாதவர்களுக்கு வேலை கிடையாது என்ற பழைய சட்டம் அப்படியே தொடரும். கக்கூஸ் என்ற சொல் உத்தரவில் எங்கேயும் இல்லை. கூலியும் இல்லை. நான் தீட்டிக் கொடுத்த கத்தியை வாங்கி, அந்தப் பெண்களின் கழுத்திலேயே வைத்துவிட்டார்கள்.

உப்பளத்துக்குப் போனேன். இசக்கிராணி மேற்கு வரப்பில் நின்றிருந்தாள்.

"தண்ணி குடிக்காதவளுக்குப் பிளாஸ்திரி ஆகாதுன்னு நீங்கதான் சொன்னியளாமே?"

"கக்கூஸ் கட்டணும்னும் சொன்னேன் இசக்கி."

"கக்கூஸக் காணும். பாட்டில்தான் வந்திருக்கு." அவள் மூடியைத் திறந்து, என் கண் முன்னாலேயே தண்ணீர் முழுவதையும் பாத்தியில் சாய்த்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற பெண்களும் வரிசையாகச் சாய்த்தார்கள். வரப்பில் ஊற்றினால் சேறாகி, உப்புச் சுமையோடு நடக்கிறவர்கள் வழுக்கி விழுவார்கள். அதனால் பாத்திக்குள்தான் ஊற்ற வேண்டும் என்று அவர்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள்.

எனக்குத் தலைக்கு ஏறியது. "உனக்கு என்ன பைத்தியமா? இருக்கிற கிட்னி இன்னொரு கோடைக்குத் தாங்காது. குடிச்சுத் தொலையேன்!"

"குடிச்சிட்டு?"

நான் சுற்றிலும் பார்த்தேன்.

"சொல்லுங்க. குடிச்சிட்டு எங்க போயி ஒதுங்க? எம்மவ நர்சிங் ரெண்டாவது வருசம் படிக்கா. அவ முடிக்கது வரைக்கும் எனக்குப் பிளாஸ்திரி வேணும். கோவப்படாதிய டாக்டரம்மா. நீங்க கோவப்பட்டுத்தான் பாட்டில் வந்துச்சு."

மறுநாள் நாலு மூங்கில் கழியும் படுதாத் துணியும் வாங்கிக்கொண்டு போய், நானே ஒரு மறைப்பு நட்டேன். இசக்கிராணியும் இரண்டு பெண்களும் அன்றைக்குத் தண்ணீர் குடித்தார்கள். சாயங்காலமே கணக்கப்பிள்ளை அதைப் பிடுங்கி லாரியில் போட்டுவிட்டார். "முதலாளி உத்தரவு மேடம். உப்பு அசுத்தமாயிரும். நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாததா?" என்றார். அவரைத் திட்டிய திட்டுக்கு என் மேல் ஒரு புகார் போனது. அது இன்னும் நிலுவையில் இருக்கிறது.

தெளிவின் கணக்கில் இப்போது எல்லாப் பாட்டிலும் காலி. தண்ணீர் குடிக்காதவர்கள் என்ற பக்கத்தில் ஒருவருமில்லை. ஆணையம் எனக்கு நன்றி தெரிவித்துக் கடிதம் அனுப்பியது, சிக்கல் தீர்ந்துவிட்டதாம். இரண்டு பெண்களுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தபோது, அவர்கள் தினமும் ஒழுங்காகத் தண்ணீர் குடித்தவர்கள் என்றும், ஆகவே காரணம் வேறு என்றும் தெளிவு சொன்னது. வைகாசிக் கடைசியில் இசக்கிராணி வரப்பிலேயே மயங்கி விழுந்தாள்.

அதே சமயத்தில்தான் உப்புக்கு வியாதி வந்தது. ரசாயனத் தொழிற்சாலைக்குப் போன லோடு திரும்பிவிட்டது. உப்பில் மண் கலந்திருக்கிறதாம். அடுத்த லோடும் திரும்பியது. முதலாளி ஆடிப்போய், தெளிவு தெரிந்த ஆள் வேண்டும் என்று கம்பெனியிடம் கேட்டு ஆல்வினை வரவழைத்தார். ஆல்வின் என்னை போனில் கூப்பிட்டான்.

"வல்லி, கொஞ்சம் அளத்து ஆபீசுக்கு வா. நீ பாக்கணும்."

போனேன். சுவர் முழுக்கத் திரை. உப்பளத்தின் ஒவ்வொரு பாத்தியும் அதில் தனித்தனிக் கட்டமாகத் தெரிந்தது. மேலே பறந்து படமெடுக்கும் கருவியிலிருந்து எண்கள் வந்துகொண்டிருந்தன. கிழக்குப் பாத்திகள் எல்லாம் பச்சை. மேற்கு வரப்பை ஒட்டிய பாத்திகள் மட்டும், அதுவும் உச்சிப் பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் மட்டும், சிவப்பு. நல்ல தண்ணீர் விழுந்த இடத்தில் உப்பு கரைந்து, அடி மண் மேலே வந்திருந்தது.

"சராசரி பாத்தா மொத்த உப்பும் நல்ல உப்புதான்," என்றான் ஆல்வின். "பாத்தி பாத்தியா, நேரம் நேரமாப் பிரிச்சதும் பிடிபட்டுட்டு. ஒரு காலைப்பொழுதுகூட ஆகல."

நான் திரையின் மூலையைப் பார்த்தேன். மேலே 'தெளிவு' என்று எழுதியிருந்தது. அதன் கீழே ஒரு சின்னப் பொத்தான். 'பிரித்துக் காட்டு.'

"இந்த வசதி அதுல இல்லன்னு சொன்னியே?"

அவன் திரைக்கும் எனக்கும் நடுவிலிருந்து விலகி நின்றான்.

"ஆல்வின். இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு. ஆணையத்துக்குக் கொடுத்த பதிப்புல மூடி வச்சிருந்தாங்க. கம்பெனி சொல்லிச்சு." பொத்தானைக் காட்டி, "அதான் உன்னைக் கூப்பிட்டேன்," என்றான்.

அவனை நான் அறையவில்லை. அறைந்திருக்க வேண்டும். அந்தக் கை இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறது. திரையைப் படம் எடுத்துக்கொண்டு, "இதை நீயே ஆணையத்துல வந்து சொல்லுவியா?" என்று கேட்டேன். பார்க்கலாம் என்றான். இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பெண்கள் ஏன் தண்ணீரைக் கொட்டுகிறார்கள் என்று முதலாளிக்கு விளக்கப்பட்டது. அவர் ரொம்பவும் கோபப்பட்டாராம், இத்தனை நாளாக யாரும் தன்னிடம் சொல்லவில்லையே என்று. அடுத்த லோடு கிளம்புவதற்குள் மேற்கு வரப்பில் ஆறு கக்கூஸ்கள் எழும்பின. டைல்ஸ் ஒட்டி, கதவில் தாழ்ப்பாள் போட்டு, குழாயில் தண்ணீரும் விட்டிருந்தார்கள். உப்பு அசுத்தமாகவில்லை. தொழிற்சாலையிலிருந்து பாராட்டுகூட வந்தது.

செய்தியைச் சொல்ல ஆஸ்பத்திரிக்குப் போனேன். இசக்கிராணி டயாலிசிஸ் முடிந்து படுத்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. பக்கத்தில் ஸ்டூலில் அவள் மகள் செல்வக்கனி, நர்சிங் கல்லூரிச் சீருடையோடு உட்கார்ந்திருந்தாள்.

"கக்கூஸ் கட்டிட்டாவளாமே?" என்றாள் இசக்கிராணி, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே.

"ஆமா. ஆறு."

"தண்ணி வருதா?"

"வருது."

"தாப்பாள்?"

"இருக்கு."

அவள் சிரித்தாள். "எங்கம்மா காலத்துல இருந்து கேட்டது. இப்பப் பாருங்க, எனக்கு ஒண்ணுக்கு வாரதே நின்னு போச்சு. அந்த மிசினுதான் எல்லாத்தையும் எடுக்கு."

செல்வக்கனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போல் கை பரபரத்தது, அந்த அறையில் உலுக்கத் தக்க ஆள் யாரும் இல்லை.

"டாக்டரம்மா, ஒரு மடக்குத் தண்ணி தாங்களேன். நாக்கு ஒட்டுது."

என் பையிலிருந்த பாட்டிலை எடுத்தேன். செல்வக்கனி சட்டென்று என் கையைப் பிடித்தாள். "வேண்டாம் மேடம். இன்னைக்கு அளவு முடிஞ்சிட்டு. இனிமே குடிச்சா மூச்சு முட்டும்."

"ஏட்டி, ஒரே ஒரு மடக்கு," என்றாள் அம்மா.

"ஒரு மடக்கும் கிடையாது."

பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்தேன். இசக்கிராணி அது உள்ளே போகும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தெளிவின் கணக்கில் அவள் இன்றைக்கும் தண்ணீர் குடிப்பவள்தான்.